வினாத்தாளுக்கு வந்த தமிழ்

அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுப்பவள் நான். இதைச் சொன்னதும் புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஃபிட்டர் என்றால் என்ன? ஒரு பொம்பளைக்கு எதற்கு அந்த வேலை? முதல் கேள்விக்கு இன்னமும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். இரும்பை அறுத்து, அராவி, துளை போட்டு, ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தும்படி செய்கிற வேலை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நான் பயிற்சியில் சேர்ந்த காலத்தில் பெண்கள் என்றால் தையல், இல்லாவிட்டால் சுருக்கெழுத்து. என்னை ஃபிட்டர் பிரிவில் சேர்க்க அப்பா அலைந்த அலைச்சலைத் தனியாக எழுத வேண்டும். அப்போது எங்களுக்குத் தேர்வு ஆங்கிலத்தில்தான். வாத்தியார் பட்டறையில் தமிழில் திட்டுவார், தமிழில் விளக்குவார், கரும்பலகையில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார். நாங்கள் அதை எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்து போய்க் கொட்டிவிட்டு வருவோம். எங்கள் துறைக்கு அதற்குப் பிறகு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்துவிட்டார்கள். கைத்தொழில் என்றார்கள், தொழிற்கல்வி என்றார்கள், வேலைவாய்ப்புப் பயிற்சி என்றார்கள், இப்போது திறன் என்கிறார்கள். ஆண்டுத் தேர்வை செமஸ்டர் ஆக்கினார்கள், பிறகு செமஸ்டரை ஆண்டுத் தேர்வாக்கினார்கள். எழுதும் தேர்வு போய்ப் பென்சிலால் வட்டத்தை நிரப்பும் தேர்வு வந்தது, அதுவும் போய்க் கணினியில் சொடுக்கும் தேர்வு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்களை உட்காரவைத்துக் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் எழுந்து ஒரே விஷயத்தைக் கேட்டேன். "பசங்களுக்குத் தேர்வைத் தமிழ்ல வைங்க சார்." அது என் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. நான் எழுந்தாலே பக்கத்தில் இருப்பவர், "ஆரம்பிச்சுட்டாங்க" என்று முணுமுணுப்பார்.

ஒருநாள் அது நிஜமாகவே வந்தது. கணினித் தேர்வில் இனி தமிழிலும் கேள்விகள் வரும், எந்த மொழி வேண்டும் என்று மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று உத்தரவு. அன்று தென்னூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போய் வகுப்பு முழுக்கக் கொடுத்தேன்.

அந்த வகுப்பில் லால்குடியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு நெல் வயல், கூடவே கடனும் இருக்கும், நான் கேட்டதில்லை. காலையில் ரயில் பிடித்து வருவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அரத்தைக் கையில் எடுத்தால் அவளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இரும்புத் துண்டை முழங்கை உயரத்தில் பிடிமானத்தில் இறுக்கிவிட்டு, தோளிலிருந்து ஒரே சீராகத் தள்ளுவாள். பையன்கள் மூன்று தடவை அளந்து பார்த்து அராவுவதை அவள் ஒரே தடவையில் முடித்துவிடுவாள். ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, "சான்றிதழ் வந்ததும் வந்து சேரும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவளும் தமிழ் என்றுதான் போட்டாள். ஆங்கிலம் என்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தேர்வு ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். மறுநாள் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன, எப்படி இருந்தது?"

பின்வரிசையில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

கடைசியில் லால்குடிப் பெண்தான் பேசினாள். "மேடம், ஒரு கேள்வி. முறைகேடான கோப்பு எதற்குப் பயன்படுகிறதுன்னு."

"என்ன கோப்பு?"

"முறைகேடான கோப்பு. நான் ஏதோ லஞ்சம், ஊழல் பத்தி கேக்கறாங்கன்னு நெனச்சேன். வேலைவாய்ப்புத் திறன்னு ஒரு பாடம் இருக்குல்ல, அதுலேர்ந்து வந்துருச்சோன்னு. ஆனா விடையில எல்லாம் இரும்பு, பித்தளைன்னு இருந்துச்சு."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் தொடர்ந்தாள். "அப்புறம் அமர்வுத் தீமையின் தாடை எந்த உலோகத்தால் ஆனதுன்னு."

அது எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வேலை செய்யும் பொருளை மேசையில் இறுக்கிப் பிடிக்கும் கருவிக்கு நாங்கள் பெஞ்ச் வைஸ் என்போம். அதன் இரண்டு பக்கப் பிடியைத் தாடை என்று சொல்வது வழக்கம்தான். ஆனால் பெஞ்சை அமர்வாக்கி, வைஸைத் தீமையாக்கி, ஒரு மனித ஜென்மமும் படித்துப் பார்க்காமல் ஏதோ ஒரு கணினி அதைத் தமிழாக்கியிருக்கிறது. போல்ட்டில் மாட்டும் நட்டுக்கு என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்டேன். பின்வரிசை வெடித்துச் சிரித்தது. மாங்காயை நறுக்கினால் உள்ளே இருக்குமே, அதுதான். தேர்வு அறையிலேயே பையன்கள் சிரித்து, கண்காணிப்பாளர் வந்து அதட்டியிருக்கிறார். அந்தச் சொல்லை இறுக்குவது எப்படி என்று ஒரு கேள்வி இருந்ததாம். முழுக் கேள்வியை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முடிவு வந்தது. தமிழ் என்று போட்ட பலர் தவறியிருந்தார்கள். லால்குடிப் பெண் ஒரு கேள்வி வித்தியாசத்தில். செய்முறையில் வகுப்பிலேயே முதலிடம் அவள்தான். ஆனால் இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ்.

எங்களுக்கு மேலே இருக்கிற துறை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், கத்துவதற்கு வழியில்லாமல் போய்விடுகிறது.

"மேடம், கேள்வியை வெளியில சொல்றதே விதிப்படி தப்பு. உங்களுக்கு யாரு சொன்னா?"

"தேர்வு எழுதினவங்க சொன்னாங்க சார். அவங்களுக்குப் புரியாத கேள்வியை எங்கிட்டதான் கேப்பாங்க."

"சரி விடுங்க. திரையில கீழ சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருக்கும், கவனிச்சிருக்க மாட்டாங்க. ஐயம் ஏற்பட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது."

"ஆங்கிலம் புரியலைன்னுதான சார் தமிழ் கேட்டாங்க?"

"அது கரெக்ட்தான்."

"அப்ப தமிழ்ல சந்தேகம் வந்தா ஆங்கிலத்தை எப்படி சார் பாப்பாங்க?"

"நீங்க சொல்றது நியாயம்தான் மேடம்" என்றார். அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் நியாயம்தான் என்று சொல்லிவிட்டால், அதோடு காரியம் முடிந்தது என்று அர்த்தம். டீயைக் குடித்து முடித்தேன். எழுந்திருக்கும்போது அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "நீங்க இவ்வளவு ஆர்வமா இருக்கீங்க. நீங்களே ஒரு கலைச்சொல் தொகுப்பு தயாரிச்சுக் குடுங்களேன். ஸ்ரீரங்கத்துல ஒரு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் இருக்காரு. அவரையும் சேத்துக்குங்க. நாங்க அச்சுப் போட்டுத் தரோம்."

குறை சொல்லப் போனவள் தலையிலேயே வேலையைக் கட்டும் இந்தக் கலையை எந்த நிலையத்தில் பயிற்றுவிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒப்புக்கொண்டுதான் வந்தேன். வேறென்ன செய்வது?

அப்புறம் சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். பேராசிரியர் வீடு உத்தர வீதியில். வாசலில் கோலம், உள்ளே கூடம் முழுக்கப் புத்தகம். அவர் மனைவிதான் கதவைத் திறப்பார். "வாங்கோ வாங்கோ, வெயில்ல வந்திருக்கேள்" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு அடுக்களைக்குள் போவார். ஆனால் காது முழுக்கக் கூடத்தில்தான் இருக்கும்.

முதல் நாளே சண்டை. நட்டுக்கு அவர் சுரை என்று எழுதிவைத்திருந்தார்.

"சார், பட்டறையில ஒரு பையனைக் கூப்பிட்டு சுரை எடுத்துட்டு வான்னா, அவன் நேரா காய்கறிக் கடைக்குப் போவான்."

"பழைய சொல்லும்மா. பூண், உறை மாதிரி மாட்டறதுக்கெல்லாம் சுரைன்னு பேர் உண்டு. நீங்க சொல்லிக்கொடுத்தா அவன் ஏன் கடைக்குப் போறான்? நட்டுங்கறதை மட்டும் பொறந்தப்பவே தெரிஞ்சுண்டா வந்தான்? நீங்க சொல்லிக்கொடுத்துத்தானே?"

இது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பெஞ்ச் வைஸுக்கு இடுக்கி என்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இடுக்கி இங்க அடுப்பண்ட இருக்கு. அது ஒண்ணு போறும்."

திருகின் சுற்றுவரிக்கு நாங்கள் திரெட் என்போம். அவர் மரை என்றார். அதை நான் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டேன். ஒருத்தனுக்குப் புத்தி பிசகினால் மரை கழண்டுடுச்சு என்று ஊரே சொல்கிறது. இவ்வளவு வழக்கில் இருக்கிற சொல்லைப் பட்டறையில் ஏன் விட்டுவிட்டோம் என்று எனக்கே தோன்றியது. நட்டை நட்டு என்றே போட்டுப் பக்கத்தில் சுரை என்று போடுவது என்று ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். அதற்கே மூன்று சனிக்கிழமை போய்விட்டது.

"இவ்வளவு பிரயத்தனம் பண்றோம், பிரயோஜனம் இருந்தா சரி" என்று ஒருநாள் பெருமூச்சு விட்டார்.

"சார், பிரயத்தனம், பிரயோஜனம் ரெண்டுக்கும் தமிழ் என்ன?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், எங்களுக்குள் இருந்த விறைப்பு போனது.

முறைகேடான கோப்பின் புதிர் அங்கேதான் விடுபட்டது. அரத்தை ஆங்கிலத்தில் ஃபைல் என்போம். அலுவலகக் காகிதக் கட்டுக்கும் அதே சொல்தான், அதனால் கோப்பு. அதுவரை நான் ஊகித்துவிட்டேன். முறைகேடு எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. அரங்களின் வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாஸ்டர் ஃபைல் என்றேன். என் வாத்தியார் அப்படித்தான் சொல்வார், நானும் என் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்களுக்கு ஃபாதர்தான். பாஸ்டர் என்பது மற்ற சபைக்காரர்களுக்கு. ஆகவே அந்தச் சபையைச் சேர்ந்த யாரோ ஒரு பாஸ்டர் கண்டுபிடித்த அரம் போலிருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டது, அப்படியே மனதில் தங்கிவிட்டது.

"ஸ்பெல்லிங் என்னம்மா?"

பாடப்புத்தகத்தைக் காட்டினேன். அதில் கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. அவர் பெரிய அகராதியைப் பிரித்து விரலை ஓட்டினார். விரல் நின்றது. அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அகராதியை என் பக்கம் திருப்பிவைத்தார். முறைகேடாகப் பிறந்த, தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளையைத் திட்டும் சொல். இத்தனை வருடமாக வகுப்பில் நின்று உரத்த குரலில் அந்த வசவைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒரு அரத்துக்கு எதுக்கும்மா இந்த அபகீர்த்தி?" என்றார் மெதுவாக.

"தெரியலையே சார். ரொம்பக் கரடும் இல்ல, ரொம்ப நைசும் இல்ல. ரெண்டுங்கெட்டான் அது."

அவர் மேசையைத் தட்டினார். "அதான்! அதான் சொல்!"

"ரெண்டுங்கெட்டான் அரம்" என்று உள்ளேயிருந்து குரல். "அப்படியே போடுங்கோளேன், நன்னாருக்கு."

ஆனால் அச்சில் அப்படிப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. இடைக்கரட்டு அரம் என்று எழுதினார். எனக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான்.

இதற்கிடையில் லால்குடிப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள். மறுதேர்வு எழுதலாம் என்று சொல்ல போன் செய்தால் எடுக்கவில்லை. அவளோடு படித்த ஒருத்திதான் சொன்னாள், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாள் என்று. தேடிப் போனேன். கடைக்குள் நின்று பேச முடியாது, மேற்பார்வையாளர் முறைக்கிறார். அதனால் எனக்கு வேண்டாத காட்டன் புடவைகளை ஒவ்வொன்றாக விரிக்கச் சொல்லிப் பேசினேன்.

"ஏம்மா போனை எடுக்கல?"

"இது பார்டர் வெச்சது மேடம். இதே கலர்ல பச்சை பார்டரும் இருக்கு."

"மறுதேர்வு வருது. பணம் கட்டற கடைசித் தேதிக்குள்ள கட்டணும்."

அவள் புடவையை மடித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள். "அந்தக் கம்பெனில வேற ஆளை எடுத்துட்டாங்க மேடம். எங்கப்பா சொல்றாரு, உனக்குப் படிப்பு ஏறலைன்னா விட்டுத் தொலைன்னு. எனக்கு ஏறலையா மேடம்?"

"உனக்கு ஏறுச்சு. கேள்விதான் ஏறல."

"தமிழ்லதானே இருந்துச்சு?"

ஒரு புடவையை வாங்கிக்கொண்டு வந்தேன். பச்சை பார்டர், எனக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் அடுத்த வாரம் விடுமுறை நாளில் அவள் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

தொகுப்பும் முடிந்தது. அழகாக அச்சாகி வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். அரங்கம் பிடித்து வெளியீட்டு விழா. குத்துவிளக்கு, பொன்னாடை, தாய்மொழியில் தொழிற்கல்வியின் பெருமை குறித்து ஆளாளுக்குப் பேச்சு. பேசியவர்களில் ஒருவருடைய பிள்ளையாவது எங்கள் நிலையத்தில் படிக்கிறதா என்று எழுந்து கேட்கலாமா என்று இருந்தது. பக்கத்தில் பேராசிரியர் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார், அவருக்காக அடக்கிக்கொண்டேன். விழா முடிந்து மிக்சர் தட்டோடு நின்ற அதிகாரியைப் பிடித்தேன்.

"சார், அடுத்த தேர்வுல இந்தச் சொல்லெல்லாம் வரும்ல?"

மிக்சரை மென்று முடித்தார். "தேர்வை நடத்தறது வேற ஏஜென்சி மேடம். வெளிமாநிலம். அது நம்ம கைல இல்ல. அனுப்பி வைக்கலாம், பாப்போம்."

"அப்ப இதை எதுக்கு சார் பண்ணோம்?"

"ஒரு ஆவணமா இருக்கும்ல?"

பேராசிரியரிடம் இதை நான் சொல்லவில்லை. ஆட்டோவில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது அவரே சொன்னார், "வராதுன்னு எனக்கும் தோணித்து. ஆனாலும் சனிக்கிழமையெல்லாம் நன்னா போச்சு." எனக்கு அப்படி நிம்மதியாக எடுத்துக்கொள்ள வரவில்லை. வீட்டுக்கு வந்து அன்று ராத்திரிச் சமையலில் எல்லாப் பாத்திரத்தையும் டமார் டமார் என்று வைத்தேன். வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "தேர்வு விஷயமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆக, தேர்வைத் தமிழில் வையுங்கள் என்று பாதி ஆயுள் கத்தியவள், லால்குடிப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் தேர்வெழுதப் பயிற்சி கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. அவள் கடையிலிருந்து வந்து, பட்டறையில் ஒவ்வொரு கருவி மேலும் அதன் ஆங்கிலப் பெயரைச் சாக்பீஸால் எழுதிவைத்துப் படித்தாள். வைஸ் மேல் எழுத்து, அரத்தின் கைப்பிடி மேல் எழுத்து, துளையிடும் எந்திரத்தின் மேல் எழுத்து. மறுநாள் மற்ற மாணவர்களின் சட்டையெல்லாம் வெள்ளை.

"இப்படி இங்கிலீஷ்லதான் எழுதணும்னா, எதுக்கு மேடம் தமிழ்னு ஒண்ணைக் குடுத்தாங்க?" என்று ஒருநாள் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"எனக்கும் அதே கோபம்தான். எழுது."

எழுதினாள். தேறினாள். நல்ல மதிப்பெண் என்று சொல்ல முடியாது, ஆனால் தேறினாள். முதலில் கூப்பிட்ட தொழிற்சாலை கிடைக்கவில்லை. துவாக்குடிப் பக்கம், கொதிகலனுக்கு உதிரிபாகம் செய்கிற வேறொரு சின்ன கம்பெனியில் பயிற்சிப் பணி கிடைத்தது. ஜவுளிக்கடையில் கடைசிச் சம்பளத்தைக் கொடுக்க இழுத்தடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவளே போய்ச் சண்டை போட்டு வாங்கிவிட்டாளாம்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பின்னால் சுத்தியல் சத்தம்.

"மேடம், இங்க நம்ம ஊர் ஆளுங்களே கொஞ்சம்தான். எல்லாம் வடக்கேர்ந்து வந்தவங்க. போர்மேனும் அப்படித்தான். முதல் நாள் எங்கிட்ட பானா குடுன்னாரு."

"பானாவா?"

"நானும் என்னடா இது, குடிக்கறதான்னு முழிச்சேன். பாத்தா ஸ்பேனர் மேடம். ஹிந்தில ஸ்பேனருக்குப் பானாவாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம், இப்போது இதுவுமா? இந்த நாட்டில் ஒரு இரும்புத் துண்டை அராவுவதற்கு ஒருத்தி எத்தனை மொழியைத்தான் கற்க வேண்டும்? அதை அவளிடமே கேட்டுவிட்டேன்.

"அது பரவால்ல மேடம்" என்றாள். "இதுக்குப் பரிட்சை இல்லல்ல. ரெண்டு நாள்ல வந்துருச்சு. நேத்து அவருகிட்ட நான் மரைன்னு சொல்லிக்குடுத்தேன். இன்னிக்கு அவரும் மரை மரைன்னு கத்திக்கிட்டு இருக்காரு." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வரேன் மேடம், மணி அடிச்சுட்டாங்க" என்று வைத்துவிட்டாள்.

மரை என்ற சொல் துவாக்குடியில் புழங்க ஆரம்பித்துவிட்டதைச் சொல்ல, அப்போதே பேராசிரியர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார்; நான் சொல்லி முடிப்பதற்குள், "ஏன்னா, உங்க மரை துவாக்குடிக்குப் போயிடுத்தாம்!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினார்.